அயர்லாந்துக் கதைகளுக்குள் அடுப்படி வழியாக நுழையுங்கள்

வெளியூர்க்காரர் ஒருவர் கிராமத்துக் கிழவியிடம் கேட்டாராம்: “ஏன் பாட்டி, இந்தத் தேவதைக் கூட்டத்தை எல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா?” கிழவி, “சேச்சே, அதெல்லாம் கிடையவே கிடையாது” என்றாளாம். வந்தவர் எழுந்து வாசல் வரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்ததாம்: “நான் நம்பாவிட்டால் என்ன, அவர்கள் பாட்டுக்கு இருக்கத்தான் செய்கிறார்கள்.”

அயர்லாந்தில் பல மாவட்டங்களில் தங்கள் ஊரில் நடந்ததாகவே இதைச் சொல்வார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் பாதிக் கதவு திறந்துவிட்டது. “அப்படியானால் அவள் நம்புகிறாளா, இல்லையா?” என்று கணக்குப் போட ஆரம்பித்தால் இன்னும் கொஞ்ச நாள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். நான் ரொம்ப நாள் நின்றேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கடவுளர்கள், வீரர்கள், நான்கு பெரிய கதைச் சக்கரங்கள் (ஒன்றோடொன்று தொடர்புள்ள கதைத் தொகுப்புகள்) என்று தலைப்பகுதியிலிருந்து தொடங்குகிறார்கள். பத்துப் பக்கத்துக்குள் முப்பது பெயர் வரும், ஒன்றையும் வாயால் சொல்ல முடியாது, புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நான் சொல்கிற வழி நேர் எதிர். முதலில் அடுப்படி, அப்புறம் தொழுவம், அப்புறம் வயல், கடைசியில்தான் வீரர்கள்.

முதல் படி: வெண்ணெயிலிருந்து தொடங்குங்கள்

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்துக் குடியானவர் வீட்டில் வாயில் போனது பெரும்பாலும் உருளைக்கிழங்கும் மோரும்தான். பல வீடுகளில் வெண்ணெய் விற்பனைக்கு. நிலக்கிழாருக்குக் கட்டவேண்டிய குத்தகைப் பணம் அதிலிருந்து வந்தது. கார்க் நகரத்தில் 1770 முதல் இயங்கிய வெண்ணெய்ச் சந்தையிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கடல் தாண்டிப் போனது. ஆகவே தாழியில் வெண்ணெய் திரளவில்லை என்றால் குத்தகை பாக்கி விழும். பாக்கி ஏறினால் வீட்டை விட்டே வெளியேற்றுவார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை நமக்குப் பழமொழி. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது வருஷா வருஷம் வயிற்றைக் கலக்கும் பயம்.

தாழி என்றால் இடுப்பளவு உயரமான மரப் பாத்திரம். மத்து நம்முடையது போலச் சுழலாது, உலக்கை மாதிரி மேலும் கீழும் குத்தும். பாலேடு சற்றுக் குளிர்ந்திருந்தாலோ சூடேறியிருந்தாலோ தாழி சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலோ மணிக்கணக்கில் குத்தினாலும் நுரைதான் மிஞ்சும். காரணம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கட்டுப்பாடுகள் முளைக்கும்.

கடையும் நேரத்தில் யார் உள்ளே வந்தாலும், பாதிரியாராகவே இருந்தாலும், “இந்த வேலைக்குக் கடவுள் அருளட்டும்” என்று சொல்லி மத்தைப் பிடித்து நாலு குத்துக் குத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். குத்தாமல் போகிறவர் வெண்ணெயைக் கண்ணாலேயே எடுத்துக்கொண்டு போகிறார் என்று பொருள். கடைந்து முடியும்வரை அடுப்பிலிருந்து ஒரு கங்கு கூட வெளியே போகக் கூடாது. சுங்கானுக்கு நெருப்புக் கேட்டு வந்தவர் அங்கேயே உட்கார்ந்து புகைத்து முடித்துவிட்டுப் போகலாம், பற்றவைத்துக்கொண்டு படியைத் தாண்டக் கூடாது. மே மாதம் முதல் தேதி இன்னும் கடுமை. அன்றைக்குப் பால், உப்பு, நெருப்பு எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகாது. அன்று அதிகாலையில்தான் அடுத்தவர் வெண்ணெய் அதிர்ஷ்டத்தைத் திருட ஆள் வரும் என்பது பயம்.

இந்தப் பயத்திலிருந்து பிறந்த கதை ஒன்று தீவு முழுக்கக் கிடைக்கிறது. பசுவின் மடியில் ஒரு முயல் வாய் வைத்துப் பால் குடிப்பதைக் குடியானவர் பார்க்கிறார். சுட்டால் குண்டு பாயவில்லை. வெள்ளிக்காசைத் துப்பாக்கியில் போட்டுச் சுடுகிறார், முயலின் காலில் படுகிறது. இரத்தத் துளியைத் தொடர்ந்து போனால் ஒரு குடிசை. உள்ளே ஒரு கிழவி, காலில் கட்டுடன் மூச்சிரைக்கப் படுத்திருக்கிறாள்.

இந்தக் கதையைப் படிக்கும்போது அந்தக் கிழவி யார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். பெரும்பாலும் தனியாக, மாடு கன்று இல்லாமல் இருப்பவள். அடிக்கடி நெருப்போ பாலோ கேட்டு வருகிறவளும் அவள்தான். கொடுக்க மனமில்லாத வீட்டுக்கு இந்தக் கதை ஒரு சாக்கு. இதைக் கவனிக்கப் பழகிவிட்டால் பிறகு எந்தக் கதையிலும் அடுப்படி அரசியல் தெரிய ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது படி: பத்துச் சொல் போதும்

ஐரிஷ் மொழியில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. உரோமன் எழுத்தில் ‘எஸ்’ பக்கத்தில் ‘ஈ’யோ ‘ஐ’யோ நின்றால் ‘ஷ’ என்று ஒலிக்கும். இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதிப் பெயர்கள் வசப்படும்.

பிஷோக் என்பதுதான் முதல் சொல். வீட்டு நம்பிக்கை, சகுனம், செய்வினை எல்லாம் அதற்குள் அடக்கம். பக்கத்து வைக்கோல் போரில் யாரோ மறைத்து வைத்துவிட்டுப் போன முட்டைக்கும் பிஷோக் என்றே பெயர். முட்டை அழுக அழுக அந்த வீட்டு அதிர்ஷ்டம் வைத்தவர் வீட்டுக்குப் போய்விடுமாம்.

ஷீ என்றால் மேட்டுக்கு அடியில் வாழும் அந்தக் கூட்டம். ‘தேவதை’ என்று எழுதினால் சிறகும் மந்திரக்கோலும் நம் மனதில் வந்துவிடுகிறது. இவர்களுக்குச் சிறகு கிடையாது. மாடு மேய்ப்பார்கள், பந்தாடுவார்கள், அண்டை மாவட்டத்து ஷீக்களோடு சண்டை போடுவார்கள், ஒரு நல்ல மருத்துவச்சி தேவைப்பட்டால் மனிதர்களிடம் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நல்லவர்கள்’ அல்லது ‘அந்தக் கூட்டம்’ என்பார்கள். நல்லவர்கள் என்று சொல்வது அவர்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல, காதில் விழுந்துவிடுமே என்பதால்.

பான்ஷீ என்றால் ஷீ பெண். சில பழைய குடும்பங்களில் சாவு வருமுன் வந்து ஒப்பாரி வைப்பவள். அவள் யாரையும் கொல்வதில்லை, திரைப்படங்கள்தான் அவளைக் கொலைகாரி ஆக்கின. வழியில் கிடக்கும் சீப்பை எடுக்காதே என்று குழந்தைகளை அதட்டுவது அவளால்தான். சீப்பை வீட்டுக்கு எடுத்து வந்தவன் சன்னலில் அன்றிரவு ஓலம் கேட்கும். அவன் இடுக்கியில் சீப்பைப் பிடித்து வெளியே நீட்டுவான். காலையில் பார்த்தால் இடுக்கி முறுக்கிக் கிடக்கும்.

பூக்கா உருமாறும் ஒரு குறும்பன், அதிகமாகக் கருங்குதிரை வடிவில் வருவான். நவம்பர் பிறந்தால் காட்டுப் பழங்களின்மேல் அவன் எச்சில் துப்பிவிடுவதால் அதற்குப் பின் பறிக்கக் கூடாது. அழுகத் தொடங்கிய பழத்தைத் தின்று குழந்தைகளுக்கு வயிற்றுவலி வராமல் பார்த்துக்கொண்டவனும் அவனே.

ரா, லிஸ் இரண்டும் பழங்கால வட்ட மண்கோட்டைகள். சவின் அக்டோபர் 31 இரவு தொடங்கும் திருநாள், பியால்டனா மே முதல் தேதி. இரண்டிலும் இந்த உலகுக்கும் அந்த உலகுக்கும் நடுவில் சுவர் மெலிகிறது. ஷானகீ ஊர்க் கதைகளும் வம்சக் கதைகளும் சொல்பவர். ஷ்கேலீ நீண்ட வீரக் கதைகளைச் சொல்பவர். இரண்டாமவர் பெரும்பாலும் ஆண், கதை மணிக்கணக்கில் போகும். இதோடு பத்து ஆயிற்று. புதையலை ஒளித்து வைத்திருக்கும் குட்டி மனிதன் லெப்ரகான் கொசுறு.

மூன்றாவது படி: ஒரு நம்பிக்கையைப் பிடித்து அதன் கதையைத் தேடுங்கள்

எனக்குப் பிடித்த ஜோடி, கால் கழுவிய தண்ணீர். பகலெல்லாம் வெறுங்காலோடு சேற்றில் நடந்தவர்கள் இரவில் ஒரே தொட்டியில் கால் கழுவுவார்கள். அந்த அழுக்குத் தண்ணீரை இரவு வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வெளியே கொட்டிவிட வேண்டும். கொட்டும்போதும் “விலகுங்கள், அழுக்குத் தண்ணீர்!” என்று குரல் கொடுக்க வேண்டும், வாசலில் கண்ணுக்குத் தெரியாமல் நல்லவர்கள் யாராவது போய்க்கொண்டிருக்கலாம்.

ஏன் வைக்கக் கூடாது? கொம்பு முளைத்த பெண்களின் கதை அதற்குப் பதில் சொல்கிறது. இரவில் வீட்டுக்காரி கம்பளி நூற்றுக்கொண்டிருக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. நெற்றியில் ஒற்றைக் கொம்போடு ஒருத்தி வந்து பேசாமல் உட்கார்ந்து கம்பளி வாரத் தொடங்குகிறாள். அடுத்தவளுக்கு இரண்டு கொம்பு. இப்படிப் பன்னிரண்டு பேர், கடைசிப் பெண்ணுக்குப் பன்னிரண்டு கொம்பு. வீட்டுக்காரியைச் சல்லடையில் தண்ணீர் கொண்டு வரச் சொல்கிறார்கள். கிணற்றடியில் அவள் அழும்போது, களிமண்ணும் பாசியும் பூசினால் சல்லடையில் தண்ணீர் நிற்கும் என்று ஒரு குரல் சொல்கிறது. அவர்களை எப்படி விரட்டுவது, திரும்பி வந்தால் எப்படித் தடுப்பது என்பதையும் அதே குரல் சொல்லித் தருகிறது. அவர்கள் மலை தீப்பிடித்து எரிகிறது என்று அவள் கத்துகிறாள். ஓடிப்போனவர்கள் திரும்பி வருவதற்குள் கால் கழுவிய தண்ணீரை வாசலில் தெளித்துவிடுகிறாள், கதவுக்குக் குறுக்குச் சட்டம் போடுகிறாள்.

திரும்பி வந்தவர்கள் வீட்டுக்காரியைக் கூப்பிடவில்லை. “திற, திற, கால் தண்ணீரே!” என்கிறார்கள்.

“முடியாது. என்னைத் தரையில் கொட்டிவிட்டார்கள்” என்கிறது தண்ணீர்.

“திற, திற, மரச் சட்டமே!”

“முடியாது. என்னை நிலையில் பொருத்திவிட்டார்கள்.”

இந்த உரையாடலைப் படித்த பிறகு எந்த வீட்டுப் பொருளும் சும்மா இருப்பதாகத் தோன்றாது. பகலில் நாம் பயன்படுத்தும் பொருள் இரவில் யாருக்கு வேலை செய்யும் என்ற கேள்விதான் இந்தக் கதை. இதே மாதிரி சீப்புக்கும் முட்டைக்கும் வெண்ணெய்க்கும் நீங்களே ஜோடி தேடிப் பாருங்கள்.

நான்காவது படி: ஒரே கதையை வாய்விட்டு மூன்று முறை

பத்துக் கதையை ஓடி ஓடிப் படிப்பதைவிட ஒன்றை நாக்குக்குப் பழக்குவது மேல். நாக்கிராஃப்டன் மேட்டின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டிப்பரரி மாவட்டம். லஸ்மோர் என்ற கூனன், வைக்கோலும் கோரையும் முடைந்து பிழைப்பவன். இரவில் வீடு திரும்பும்போது முதுகுச் சுமை தாங்காமல் மேட்டடியில் உட்காருகிறான். மேட்டுக்குள்ளிருந்து பாட்டு வருகிறது. பாட்டில் இரண்டே சொல்: “திங்கள், செவ்வாய். திங்கள், செவ்வாய். திங்கள், செவ்வாய்.” நின்று, மறுபடி அதே. கேட்கக் கேட்க முதலில் இனிமை, பிறகு சலிப்பு. அவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளி பார்த்து, அதே ராகத்தில், அதே சுருதியில் லஸ்மோர் மெல்லச் சேர்க்கிறான்: “புதனும் கூட.”

உள்ளே குதூகலம். அவனை அள்ளிக்கொண்டு போய் உபசரித்து, கூனைக் கழற்றி வைத்துவிட்டு, புதுத் துணி உடுத்தி அனுப்புகிறார்கள். செய்தி பரவுகிறது. ஜாக் மேடன் என்ற இன்னொரு கூனனை அவன் வீட்டார் வண்டியில் ஏற்றி வந்து மேட்டடியில் விடுகிறார்கள். உள்ளே பாட்டு இப்போது புதனோடு சேர்ந்து அழகாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாளுக்கே இவ்வளவு என்றால் இரண்டு நாளுக்கு இரண்டு உடுப்புக் கிடைக்கும் என்று நினைத்த ஜாக், ராகமும் பார்க்காமல் தாளமும் பார்க்காமல் கத்துகிறான்: “வியாழனும் வெள்ளியும்!” பாட்டைக் கெடுத்தவன் முதுகில் லஸ்மோர் கழற்றிப் போட்ட கூனையும் தூக்கி வைத்து அனுப்புகிறார்கள்.

தமிழில் வாய்விட்டுச் சொல்லும்போது ‘திங்கள், செவ்வாய்’ தாலாட்டு மாதிரி ஆடி ஆடிப் போகும், ‘புதனும் கூட’ இதமாக வந்து உட்காரும். ‘வியாழனும் வெள்ளியும்’ நான்கு எட்டு வைத்து மிதித்துக்கொண்டு வரும். ஜாக்கின் குற்றம் பேராசை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அடுத்தவர் பாடும்போது கேட்காமல் உள்ளே நுழைந்ததுதான் குற்றம். கதை சொல்லிகளும் பாடகர்களும் நிறைந்த ஊர், அவர்களுக்கு அதுதான் மன்னிக்க முடியாதது.

ஐந்தாவது படி: சிரிப்பைத் தனியாக ஒதுக்காதீர்கள்

வேடிக்கைக் கதைகள் இங்கே வேறு அறையில் இல்லை, துக்க வீட்டிலேயே இருக்கின்றன. ‘வேக்’ என்பது பிணத்தோடு விடிய விடிய விழித்திருக்கும் இரவு. கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியை மூடுவார்கள். வந்தவர்களுக்குக் களிமண் சுங்கானும் புகையிலையும் தேநீரும் மதுவும் கிடைக்கும். இளசுகள் விளையாட்டில் இறங்கிவிடுவார்கள். இந்த விளையாட்டுகளை நிறுத்தச் சொல்லி 17ஆம் நூற்றாண்டு முதல் ஆயர்கள் திரும்பத் திரும்ப ஆணையிட்டார்கள். திரும்பத் திரும்ப ஆணையிட வேண்டியிருந்தது என்பதிலேயே பதில் இருக்கிறது.

அங்கிருந்து வந்த துணுக்கு: இறந்தவருக்கு முதுகு வளைந்திருந்தது. படுக்க வைக்க முடியாமல் கயிற்றால் கட்டிலோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நள்ளிரவில் ஒரு குறும்பன் கட்டிலடியில் புகுந்து கயிற்றை அறுத்துவிட்டான். பிணம் சடாரென்று எழுந்து உட்கார்ந்தது. வீடே காலி. குடித்துவிட்டு மூலையில் கிடந்த ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, “நீர் எழுந்துவிட்டீர் என்றால், அந்த இடத்தில் நான் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன்” என்றாராம்.

இன்னொரு வகை, உண்மை மனிதர்மேல் ஏறிய கதைகள். டேனியல் ஓகானல் 1775 முதல் 1847 வரை வாழ்ந்த வழக்கறிஞர், அரசியல் தலைவர். ஊர்க்கதைகளில் அவர் மகா சூட்சுமக்காரர். ஓர் உயில் வழக்கு. கையெழுத்துப் போட்டபோது “அவருக்குள் உயிர் இருந்தது” என்று எல்லாச் சாட்சிகளும் ஒரே சொல்லை ஒப்பிக்கிறார்கள். எப்படி இத்தனை பேர் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று ஓகானலுக்கு உறுத்துகிறது. குறுக்குக் கேள்வியில் மடக்குகிறார்: “பிணத்தின் வாயில் உயிருள்ள ஈயைப் பிடித்துப் போட்டுவிட்டுத்தானே கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினீர்கள்?” நீதிமன்றத்தில் இது நடந்ததோ இல்லையோ, பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சி, அதே சமயம் சொத்தையும் விட மனமில்லாத ஒரு சமூகத்தை இதைவிடக் கச்சிதமாகப் படம் பிடிக்க முடியாது.

லெப்ரகானிடமும் இதே சாமர்த்தியம்தான். புதையல் எந்தச் செடிக்கு அடியில் என்று காட்டச் சொல்லிப் பிடித்தவன், மண்வெட்டி எடுத்து வருவதற்குள் செடி மாறிவிடாமல் இருக்க அதில் சிவப்புப் பட்டியைக் கட்டுகிறான். அவிழ்க்கமாட்டேன் என்று லெப்ரகானிடம் சத்தியமும் வாங்குகிறான். திரும்பி வந்து பார்த்தால் பட்டி அவிழவில்லை. வயலில் உள்ள ஒவ்வொரு செடியிலும் அதே சிவப்புப் பட்டி. லெப்ரகான் வாக்கு மீறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வீரர்களுக்கு இப்போது வரலாம். ஸ்காட்லாந்து அரக்கன் சண்டைக்கு வருகிறான் என்று கேட்டதும் மாவீரன் ஃபின் மக்கூல் நடுங்குகிறான். மனைவி ஊனா அவனைத் தொட்டிலில் போட்டுக் குழந்தை மாதிரி போர்த்துகிறாள். வந்த அரக்கனுக்கு, உள்ளே இரும்புத் தோசைக்கல் வைத்துச் சுட்ட ரொட்டியைக் கொடுத்துப் பல்லை உடைக்கிறாள். குழந்தையே இந்த அளவென்றால் அப்பன் எப்படி இருப்பான் என்று அரக்கன் ஓடுகிறான். ஓடும்போது ஸ்காட்லாந்துக்குப் போகும் கடல்வழிக் கற்பாதையைப் பிய்த்துப் போட்டதில் மிஞ்சியதுதான் வடக்குக் கடற்கரையில் சுமார் 40,000 எரிமலைக்கல் தூண்களாக நிற்கும் ஜயண்ட்ஸ் காஸ்வே. நாட்டின் பெருவீரனைக் காப்பாற்றியது ஒரு அடுப்படிதான்.

ஆறாவது படி: குழந்தைகள் எழுதிய நோட்டுகளைத் திறவுங்கள்

இங்கேதான் உண்மையான புதையல். 1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை 26 மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேலை கொடுத்தது. சுமார் 5,000 பள்ளிகள், 50,000க்கு மேற்பட்ட குழந்தைகள். வழக்கமான கட்டுரைக்குப் பதில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கதையும் வைத்தியமும் சகுனமும் எழுதிவர வேண்டும். சேர்ந்தது ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். ஆணையத்தின் சேகரம் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது, இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது.

இந்தப் பள்ளித் தொகுப்பை ‘டூகஸ்’ என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உரோமன் எழுத்தில் டி, யு, சி, எச், ஏ, எஸ், புள்ளி, ஐ, இ. கைப்பட எழுதிய பக்கத்தின் படமும், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பெரும்பகுதி ஆங்கிலம், மீதி ஐரிஷ். முதலில் ஒரே ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், கிளேர் அல்லது மேயோ. பிறகு தலைப்பு வாரியாக வெண்ணெய் கடைதல், வீட்டு வைத்தியம், வானிலைக் குறி, புதையல் என்று போங்கள். சொல் தேடலில் குழந்தைகளின் எழுத்துப்பிழையை மறக்காதீர்கள், பிஷோக்கை நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். பக்கத்தின் அடியில் சொன்னவர் பெயர், ஊர், வயது இருக்கும். எண்பது வயதுப் பாட்டி சொன்னது என்றால் அந்தக் குரல் 1850களில் பிறந்தது, 1840களின் பெரும் பஞ்சத்தின் நிழலில் வளர்ந்தது. அதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு வேண்டுகோள்: வெண்ணெய் திருடியவள், செய்வினை வைத்தவன் என்று அக்கம்பக்கத்துப் பெயர் வந்தால் மறுபடி சொல்லும்போது பெயரை விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள்.

பெரியவர்களிடம் ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் நேரில் போனார்கள். மெழுகு உருளையில் குரலைப் பதியும் கனத்த எடிஃபோன் இயந்திரத்தைச் சுமந்து, பதிந்ததை எழுதி முடித்ததும் உருளையைச் சீவி மறுபடி பயன்படுத்தினார்கள். அதனால் பெரும்பாலும் எழுத்துதான் மிஞ்சியது, குரல் சீவலாகப் போய்விட்டது. கானமாராவின் தையல்காரர் ஏமன் அ பூர்க் சொன்ன ஒரே கதை 30,000 சொற்களைத் தாண்டும். முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஏழாவது படி: ஊருக்குப் போனால்

வட்ட மண்கோட்டைகள் 40,000க்கு மேல் இருக்கின்றன. உண்மையில் அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய பண்ணை வீடுகளின் கரைகள். உள்ளே கால் வைத்தால் ஷீக்களின் கோபம் என்ற பயத்தால்தான் கலப்பை படாமல் பல பிழைத்தன. பெரும்பாலும் யாரோ ஒருவரின் வயலுக்குள் இருக்கும். கேட்டுவிட்டுப் போங்கள், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், ஒரு குச்சி கூட எடுத்து வராதீர்கள். தனியாக நிற்கும் வெண்முள் மரத்தையும் தொடவேண்டாம். கிளேர் மாவட்டம் லட்டூனில் 1999இல் அப்படி ஒரு மரம் புதுச் சாலையின் பாதையில் வந்தது. கெரி மாவட்டத்து ஷீக்கள் கானாக்ட் மாகாணத்து ஷீக்களோடு போருக்குப் போகும் வழியில் கூடும் இடம் அது என்று கதைசொல்லி எடி லெனிஹன் எச்சரித்தார், மரம் தப்பியது. 2002இல் யாரோ அதன் கிளைகளை அறுத்துப் போட்டார்கள், மறுபடி துளிர்த்தது.

“நம்புகிறீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் வந்த புதிதில் கேட்டேன், எதிரில் இருந்தவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். “உங்கள் அம்மா இதையெல்லாம் செய்வார்களா?” என்று கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின மாலை, வேலியோரம் பிராக் குழந்தை இயேசுவின் சிறு சிலை நின்றது. மறுநாள் மழை வராமல் இருக்க வெளியே வைப்பார்கள். தலை உடைந்து பசையால் ஒட்டிய தழும்பு கழுத்தில் தெரிந்தது. கல்யாணப் பெண்ணின் பாட்டியிடம் கேட்டதற்கு, “தலை தானாக உடைந்திருந்தால்தான் பலிக்கும், நாமாக உடைத்தால் பலிக்காது” என்றார். மறுநாள் தூறல். “வைக்காமல் இருந்திருந்தால் வெள்ளம் வந்திருக்கும்” என்றார்.

இந்தச் சிரிப்புக்கு மறுபக்கமும் உண்டு. ஷீக்கள் மனிதரைத் தூக்கிக்கொண்டு பதிலுக்கு மாற்றாளை வைத்துவிடுவார்கள் என்பது பழைய நம்பிக்கை. 1895 மார்ச்சில் டிப்பரரியில் 26 வயது பிரிஜிட் கிளியரியை, நோயுற்றிருந்த அவள் தன் மனைவியே அல்ல, மாற்றாள் என்று சொல்லி, கணவனே எரித்தான். உறவினர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவனுக்கு 20 ஆண்டுத் தண்டனை கிடைத்தது, 15 ஆண்டு சிறையில் இருந்தான். மாற்றாள் கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லும் முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். முட்டை ஓட்டில் உலை வைப்பதைப் பார்த்துத் தொட்டில் பிள்ளை, “என் ஆயிரத்தைந்நூறு வயதில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை” என்று வாய்விட்டு மாட்டிக்கொள்ளும் கதை அதே நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது.

எட்டாவது படி: நீங்கள் சொல்லுங்கள்

கதைக் காலம் சவினிலிருந்து மார்ச் 17 பேட்ரிக் திருநாள் வரை, அதுவும் இரவில். தொடக்கத்துக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: “அப்போது ஒன்று இருந்தது, எப்போதோ இருந்தது. அப்போது நான் இருந்திருந்தால் இப்போது இருக்கமாட்டேன். இப்போதும் அப்போதும் இருந்திருந்தால் என்னிடம் புதுக்கதையோ பழங்கதையோ இருக்கும், அல்லது கதையே இருக்காது.” முடிவில்: “இதுதான் என் கதை, இதில் பொய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.” இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் வருவதை மனப்பாடம் செய்யாதீர்கள், எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு சதையை அன்றன்றைக்கு வையுங்கள். கேட்பவர் குறுக்கிட்டால் நிறுத்திப் பதில் சொல்லிவிட்டுத் தொடருங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

கேட்க ஆள் இல்லை என்று தள்ளிப் போடவேண்டாம். கெரி மாவட்டக் கடலோரத்தில் ஷான் ஓ கானல் என்ற கதைசொல்லி இருந்தார், 1931இல் இறந்தார். வயதான காலத்தில் கேட்பதற்கு ஆள் குறைந்துவிட்டது. கதைகள் மறந்துபோகக் கூடாதே என்று மாடு மேய்க்கும்போது கல்சுவரைப் பார்த்துக் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் மகன் பார்த்திருக்கிறார். சந்தையிலிருந்து திரும்பும்போது சாம்பல் நிறக் குதிரைக்குப் பின்னால் மேட்டில் ஏறி நடந்தபடி, வண்டியின் முதுகுப் பலகைக்குக் கதை சொல்லிக்கொண்டே வருவாராம்.